எச்சில் சாட்சி

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று முதலில் சொன்னவர் யாரோ, அவரை ஒரு நாள் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரவைக்க எனக்கு ஆசை. குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்கும் ஐயா. படபடக்கும், கை வியர்க்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே உடம்புக்குள் நரம்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆபத்து தெரியும். யார் திருடினார்கள், யார் திருடவில்லை என்பது தெரியாது. இது புரியாமல் ஒரு ஊரும் ஒரு கல்லூரியும் ஒரே வாரத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைத் தோற்கடித்தன. ஒருத்தி நான், இன்னொருத்தி என் அம்மா. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

நான் கொல்லிமலைக்காரி. வளப்பூர் நாட்டில், பஸ்ஸை விட்டு இறங்கி அரைமணி நேரம் நடக்கவேண்டிய ஊர். மிளகு, மரவள்ளி, கொஞ்சம் சாமை. இப்போது கீழே ஒரு செவிலியர் கல்லூரியில் உடற்கூறியல் நடத்துகிறேன். இது நான் அதே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த முதல் வருடத்தில் நடந்தது.

வாய்மொழித் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர். தானியங்கு நரம்பு மண்டலத்தின் பிரிவுகளைச் சொல் என்றார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு நன்றாகத் தெரியும். நம்மைக் கேட்காமலே உடம்பை நடத்துகிற நரம்புகள் அவை. இதயம் துடிப்பது, வியர்ப்பது, கண்ணின் பாவை விரிவது, எச்சில் ஊறுவது, சிறுநீர்ப்பை சுருங்குவது எல்லாம் அவற்றின் பொறுப்பு. பெரிய பிரிவுகள் இரண்டு. பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் நடுப்பகுதியிலிருந்து, அதாவது மார்புப் பகுதியின் முதல் கண்டம் தொடங்கி இடுப்புப் பகுதியின் இரண்டாம் கண்டம் வரை, புறப்படுகின்றன. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மணி கோத்தது போல அவற்றின் முடிச்சுகள் வரிசையாக இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. நம்மை ஓடவும் அடிக்கவும் தயார் செய்கிற நரம்புகள் அவைதாம். எதிர்ப்பரிவு நரம்புகள் அமைதிக் காலத்து வேலைக்காரர்கள். அவை நடுவில் கிளம்புவதே இல்லை. ஒரு பங்கு மேலே, மூளைத்தண்டிலிருந்து மூன்றாம், ஏழாம், ஒன்பதாம், பத்தாம் கபால நரம்புகளோடு வெளியே வரும். மறு பங்கு கீழே, தண்டுவடத்தின் வால்பக்கம், திருவெலும்புப் பகுதியின் இரண்டாம் கண்டத்திலிருந்து நான்காம் கண்டம் வரை. இவை தவிரக் குடல் சுவருக்குள்ளேயே ஒரு தனி நரம்பு வலை உண்டு.

இதை நான் எங்கள் ஊர் ரோட்டை வைத்துத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். மலையுச்சியிலும் அடிவாரத்திலும் மட்டும் ஆள் ஏற்றுகிற பஸ் எதிர்ப்பரிவு. நடுவில் இருக்கிற கொண்டை ஊசி வளைவுகள் முழுக்கப் பரிவு. அந்த வளைவுகளில் எனக்கு வயிற்றைப் பிரட்டும் என்பதால் மறக்க வாய்ப்பே இல்லை.

வாயைத் திறந்தேன். வாயில் ஈரம் இல்லை. உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, இங்கிலீஷில் பதில் சொல்லவேண்டிய முதல் தேர்வு அது. உள்ளே பதில் முழுசாக இருந்தது, வெளியே காற்றுதான் வந்தது. தேர்வாளர் என் உள்ளங்கையைப் பார்த்தார். மேசை விளிம்பில் வியர்வை ஈரமாகப் படிந்திருந்தது.

"மடியில கனம் இல்லேன்னா வழியில பயம் இருக்காதும்மா. படிச்சிருந்தா வாய் தானா பேசும். மறுதேர்வுல பார்க்கலாம்" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு என் உடம்பு அவர் கண்முன்னாலேயே செயல்முறை விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. பயத்தில் பரிவு ஓங்குகிறது, எச்சில் ஊறவைக்கிற எதிர்ப்பரிவு அடங்குகிறது. அதற்கு முழு மதிப்பெண் போட்டிருக்கவேண்டும். சுழியம் போட்டார்.

இந்தத் தோல்வியைப் பைக்குள் மறைத்துக்கொண்டு அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறினேன். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் நின்றபோது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஏறினார். வழக்கமாக, "வா கண்ணு, லீவா?" என்பார். அன்று என்னைப் பார்த்ததும் முன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் தோற்ற செய்தி எனக்கு முன்னால் மலையேறிவிட்டதோ என்று நினைத்தேன். அப்படி இல்லை. அதைவிட மோசமான செய்தி மலையிலிருந்து இறங்கி வந்திருந்தது.

அம்மா வீட்டு வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கீழே பார்த்தபடியே சொன்னாள். கோயிலில் அம்மன் முகத்தில் கண்ணாகப் பதிக்கிற வெள்ளிக் கண்மலர் காணவில்லை. அந்த வாரம் கோயிலைக் கூட்டி மெழுகும் முறை எங்கள் வீட்டுடையது. அந்த வாரத்தில் உள்ளே போய் வந்தவர்கள் நான்கு பேர். பூசாரி, அவர் தம்பி, விளக்குத் துலக்குகிற ஒரு அக்கா, அம்மா. நான்கு பேருக்கும் சாமை கொடுத்தார்கள்.

சாமை கொடுப்பது என்றால் எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கோயில் வாசலில் பலா மரத்தடியில் ஊரே கூடி நிற்கும். அம்மன் காலடியில் வைத்து எடுத்த சாமை அரிசியில் ஒரு பிடியை, பச்சையாக, வாயில் போட்டு மெல்லவேண்டும். ஊர்க்கவுண்டர் பத்து எண்ணி முடித்ததும் பலா இலையில் துப்பவேண்டும். குழைந்து ஈரமாக விழுந்தால் மெய். மாவாக உதிர்ந்தால் பொய். மூன்று பேருடையது ஈரமாக விழுந்தது. அம்மாவுடையது மாவாகக் கொட்டியது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மாவுக்குச் சில வருடங்களாக ஒரு தொல்லை. சிறுநீர் வருகிற உணர்வு வந்த அடுத்த நொடி அடக்க முடியாது. களை பறிக்கும்போது, சந்தையில் நிற்கும்போது, பஸ்ஸில். யாரிடமும் சொல்லவில்லை, எத்தனை கல்யாணத்துக்கு இதனாலேயே போகாமல் இருந்தாள் என்று எனக்குத்தான் தெரியும். போன லீவில் அவளை வற்புறுத்தி அடிவாரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனவள் நான். அவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், தினமும் ஒன்று. வாய் காயும் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

"அன்னிக்கு மாத்தர போட்டியா?"

"போட்டேன்."

"எத்தன?"

அம்மா மிளகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். "ரெண்டு."

"ஏம்மா ரெண்டு?"

"அத்தன ஆம்பளைங்க முன்னால எந்நேரம் வெரைக்கும் நிக்கோணுமோ? நின்ன எடத்துல ஆயிருச்சுன்னா? கோயில் வாசல்ல. அதுக்குத்தான் சாமி."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த மாத்திரை கீழ்ப்பக்கத்து எதிர்ப்பரிவின் கையைக் கட்டுகிறது, சிறுநீர்ப்பை சுருங்காமல் இருக்க. ஆனால் அந்த நரம்பு சிறுநீர்ப்பையில் எந்த ரசாயனத்தை வைத்து வேலை செய்கிறதோ, அதையே வைத்துத்தான் மேல்பக்கத்து எதிர்ப்பரிவு எச்சில் சுரப்பியிலும் வேலை செய்கிறது. மாத்திரைக்கு மேலும் கீழும் தெரியாது. கீழே போட்ட பூட்டு மேலேயும் விழுந்துவிடும். சுத்தமாக நிற்கவேண்டும் என்று அவள் எடுத்துக்கொண்ட அக்கறைதான் அவளைத் திருடியாக்கியது. அந்த மாத்திரையை வாங்கிக்கொடுத்தவள் நான்.

"நாளைக்குச் சொல்லிடலாம்மா. மாத்தர அட்டையக் காட்டுவோம்."

அம்மா அப்போதுதான் எழுந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்தாள். "சொல்ல மாட்டேன்னு அடிச்சுச் சொல்லு. அடக்க முடியாதவளா கோயிலக் கூட்டுனான்னு பேசுவாங்க. அம்மனையே தீட்டாக்கிப்போட்டான்னு பேசுவாங்க. திருடின்னு சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன்."

"அப்படின்னா மாத்தர போடாம மறுக்கா மெல்லு."

"போடாம அங்க நிக்க மாட்டேன். பொய்யின்னு விழுந்தது மறுக்கா மென்னா மெய்யாயிருமா?"

அவள் சொன்னது சரிதான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் அவள் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன். இன்று இதை எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்டேன். "எழுதிக்கோ. பேரப் போடாத, மாத்தரையப் போடு. எத்தன பேரு அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காளுகளோ" என்றாள். அவளும் என்னைப் போலவே வளர்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை தீர்ப்பு. அப்பா குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அம்மா கண்மலரைக் கொண்டுவந்து வைக்கவேண்டும். இல்லாவிட்டால் கோயில் முறை எங்கள் வீட்டைவிட்டுப் போகும். திருவிழாவில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வரிசையாகக் கல் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். அந்த வரிசையில் எங்கள் அடுப்பு இருக்காது. வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த வரிசையில் அடுப்பு இல்லாத வீட்டுக்கு எங்கள் ஊரில் யாரும் தண்ணீர் குடிக்கக்கூட வரமாட்டார்கள்.

ஊர்க்கவுண்டர் எனக்கு மாமா முறை. கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் அவரை எதிர்ப்பது கஷ்டமாக இருந்தது. அவர் பேச ஆரம்பிப்பதற்குள் நான் பலா மரத்தடிக்குப் போய் நின்றேன். அம்மா என் முந்தானையைப் பிடித்தாள். நான் சொல்லிவிடப்போகிறேன் என்று பயந்தாள். "சொல்ல மாட்டேம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு முந்தானையை விடுவித்துக்கொண்டேன்.

"ஏனுங்க மாமா, எனக்கும் சாமை குடுங்க."

"உனக்கு எதுக்கு கண்ணு? நீ ஊர்லயே இல்லியே."

"அதனாலதானுங்க கேக்கறேன். கண்மலர் காணாமப் போன வாரம் பூராவும் நான் ஆஸ்டல்ல இருந்தேன். நான் எடுத்திருக்க முடியாதுன்னு இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். தெரியுமுங்களா இல்லீங்களா?"

தெரியும் என்று நான்கைந்து பேர் முனகினார்கள். பூசாரி ஒரு பிடி சாமையை என் கையில் போட்டார். வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பத்து எண்ணிக்கையில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பயம் வரவேண்டுமே என்று வேண்டினேன். என் வாய் ஈரமாக இருந்துவிட்டால் போச்சு. பெண் மெய், தாய் பொய் என்று ஆகிவிடும். அம்மா கழுத்துக்கு நானே கயிறு எடுத்துக் கொடுத்தவளாவேன். அந்த நினைப்பு வந்ததுதான் தாமதம், முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் அந்த மணிகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்வதை உணர்ந்தேன் என்றால் அது பொய். முடிச்சுகளை யாராலும் உணர முடியாது. ஆனால் இதயம் காதுக்குள் அடித்தது. உள்ளங்கை நனைந்தது. மெல்ல மெல்ல நாக்கில் மணல் ஒட்டியது. முந்தின நாள் என்னைக் கவிழ்த்த அதே நாக்கு. வாடா தங்கம் என்று மனதுக்குள் கொஞ்சினேன்.

"பத்து" என்றார் ஊர்க்கவுண்டர்.

துப்பினேன். வெள்ளை மாவு பலா இலையில் உதிர்ந்தது. பாதியைக் காற்று அள்ளிக்கொண்டு போனது.

இலையை இரண்டு கையாலும் ஏந்தி ஊர்க்கவுண்டர் முன்னால் நீட்டினேன். "பொய்யின்னு விழுந்திருக்குதுங்க மாமா. அப்ப கண்மலர நாந்தான் எடுத்தேன். ஆஸ்டல்ல படுத்துக்கிட்டே எடுத்துட்டேன். எழுதிக்குங்க."

பின்னாலிருந்து ஒருவர், "பெத்தவளுக்குப் பரிஞ்சு வந்துச்சு, அம்மன் இவ வாயவும் கட்டிப்போட்டா" என்றார். பூசாரியின் தம்பி. அவர் சாமை ஈரமாக விழுந்ததில் அவருக்கு ஒரு தெம்பு.

"அப்படியா சித்தப்பா? அன்னிக்கு ஊரே உங்களத் திருடன்னு பாத்திருந்தா உங்க வாய் எப்படி இருந்திருக்கும்? கூட்டற முறை யாரோடதுன்னு எல்லாரும் எங்கம்மாளத்தான் பாத்தீங்க. அவ வாயில போடறதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிட்டீங்க. பயந்தா வாய் காயுமுங்க. திருடுனாத்தான் காயும்னு இல்ல. நம்பாம நாலு பேரு உத்துப் பாத்தா யாருக்கும் காயும். இங்க யாருக்காச்சும் காயாதுன்னா வந்து மெல்லுங்க, நான் பாக்கறேன்."

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் குரல் நடுங்கியது, கால் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று நின்றேன். நடுக்கம் அதன் வேலையைப் பார்க்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் எனக்கு வந்தது.

அப்போது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஊர்க்கவுண்டர் கையை நீட்டினார், சாமைக்கு. பூசாரி தயங்கிக் கொடுத்தார். ஊர்க்கவுண்டர் வாயில் போட்டு மென்றார். அவருக்கு எண்ணிச் சொல்ல ஆள் இல்லை. இருநூறு கண்கள் அவரையே பார்த்தன. அவர் தாடை அசைவது மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒரு இலை எடுத்துத் திரும்பி நின்று துப்பினார். நெடுநேரம் அதையே பார்த்தார். பிறகு அந்த இலையை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டார். யாருக்கும் காட்டவில்லை.

"சாமைய எடுத்து வைங்க" என்றார். அம்மா பக்கம் திரும்பினார். "முறை உன்றதுதான் தங்கச்சி. கோயில் சாவிய வாங்கிக்கோ. பொங்கலுக்கு எப்பவும் போல வந்துரு."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அம்மா முன்னே வந்தாள். சாவியை வாங்கினாள். அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். வாசல்படியில் அம்மனுக்கு நேராக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அம்மா ஊர் நடுவில் சத்தமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"நான் எடுக்கலீங்கண்ணான்னு மூணு தடவ சொன்னேன். இருவது வருசமா இந்தக் கோயிலக் கூட்டறவ சொன்னேன். என்ற நாக்க நம்பாம என்ற எச்சில நம்பற ஊருக்கு நான் கூட்ட மாட்டேன். பொங்கல் என்ற ஊட்டு வாசல்ல வெக்கறேன். அம்மனுக்குக் கால் இருக்குது. வேணுமின்னா வந்து திங்கட்டும்."

வா கண்ணு போலாம் என்று என் கையைப் பிடித்தாள். அவள் கையும் நனைந்திருந்தது, என் கையும் நனைந்திருந்தது. வழுக்கி வழுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தோம். பாதி வழியில் அவள் என் கையை உதறிவிட்டுக் காப்பிச் செடிகளுக்குள் ஓடினாள். அன்று அவள் மாத்திரையே போடவில்லை என்று திரும்பி வந்துதான் சொன்னாள். போடாமலேயே அவ்வளவு நேரம் நின்றிருக்கிறாள். அதற்கு எந்த நரம்பைக் காரணம் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கண்மலர் கிடைக்கவே இல்லை. அம்மா இன்றுவரை அந்தக் கோயிலைக் கூட்டவில்லை. திருவிழாவுக்கு எங்கள் வாசலில் தனியாக ஒரு அடுப்பு எரிகிறது. முதல் வருடம் எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அதைப் பற்றி அம்மாவுக்கும் எனக்கும் வருத்தம் இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்லி வீரம் காட்ட மாட்டேன்.

மறுதேர்வில் அதே தேர்வாளர், அதே கேள்வி. அதே மாதிரி வாய் காய்ந்தது. இந்தத் தடவை நான் அதற்காகக் கூசவில்லை. "சார், எனக்கு வாய் காஞ்சிருக்கு. தண்ணி வேணும்" என்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார். "படிக்கலையா?" என்றார். "வாய் காஞ்சிருக்குன்னுதான் சார் சொன்னேன். பதில் அங்க இல்ல" என்றேன். தண்ணீர் வந்தது. குடித்தேன். மூளைத்தண்டில் ஆரம்பித்து வால்பக்கம் வரை ஒரு நிறுத்தம் விடாமல் சொன்னேன். மேசை விளிம்பு நனைந்துதான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும் என்று கையை அங்கேயே வைத்திருந்தேன்.

இப்போது நானே வேறு கல்லூரிகளுக்குத் தேர்வாளராகப் போகிறேன். உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒரு சொம்புத் தண்ணீரும் டம்ளரும் கேட்டு வாங்கி மேசையில் வைத்துவிடுவேன். போன முறை என்னோடு வந்த மூத்த தேர்வாளர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே வந்த ஒரு பெண் நடுங்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பதைப் பார்த்து என் காதருகே, "இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது மேடம், முகத்தப் பாத்தாலே தெரியல?" என்றார்.

"எச்சிலைப் பார்த்து மார்க் போட எங்கம்மா எனக்குச் சொல்லித் தரலீங்க சார்" என்றேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, "மெதுவாக் குடிச்சுட்டுச் சொல்லு கண்ணு" என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.